டிரென்வொக் வம்சம்

1926இல் ரங்கூன் ரயில்வேயில் கார்டு வேலை வெள்ளைக்காரருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும்தான் கிடைத்தது. ரங்கூனை அடுத்த இன்சீனில் குமாஸ்தாவாக இருந்த அமிர்தநாதனின் மகன் பர்னபாஸ் நல்ல சிவப்பு. மிஷன் பள்ளி ஆங்கிலமும் இருந்தது. குறை, பெயர் ஒன்றுதான். அதைத் தேடி அப்பாவும் மகனும் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

"ஸ்மித்னு வச்சுக்கறேனே, அப்பா."

"ஸ்மித் ஆயிரம் பேர் இருக்கான். எந்த ஸ்மித்துன்னு துருவுவாங்க. யாரும் கேள்விப்படாத பேருன்னா எவன்டா விசாரிப்பான்? இந்தா, டிரென்வொக்! இவர்தான் உன் தாத்தா."

கல்லின் கீழ்ப்பாதி மண்ணில் புதைந்திருந்தது. பெயர் மட்டும் தெரிந்தது.

நேர்காணலில் விண்ணப்பத்தைப் படித்த துரையின் முகம் மலர்ந்தது.

"டிரென்வொக்! இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?" காகிதத்தில் இங்கிலாந்தை வரைந்து, தென்மேற்கு மூலையில் ஒரு புள்ளி வைத்தார். "இங்கே ஓர் ஆற்றங்கரைப் பண்ணை. பண்ணையின் பெயரே குடும்பத்துக்கும் வந்தது. இன்றும் மொத்தம் பன்னிரண்டு வீடுகள்தான், எல்லாம் இந்தப் புள்ளியைச் சுற்றி. ஒரே ஒரு கிளை கடல் தாண்டி ரங்கூனுக்கு வந்தது. இந்த ஊரில் அவர்களுக்கு ஒரே ஒரு கல்லறைதான்."

பர்னபாஸுக்கு உயிர் வந்தது.

"அது என் தாத்தாவுடையது, சார்!"

"நிச்சயமாகவா?"

"சத்தியமாக, சார். என் அப்பா அவர் மடியில்தான் வளர்ந்தார்."

துரை பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்தச் சவப்பெட்டியை நான் ஒருவனே இரு கைகளில் ஏந்திக்கொண்டு போனேன். அவன் என் தங்கையின் மகன். வயது நான்கு."