ஸ்விட்சுக்கு வைத்த பெயர்

எங்கள் நூற்பாலையின் கணினிகளை இணைக்கும் ஸ்விட்சுக்குக் கட்டளை கொடுக்க நானும் தம்பி மருதாசலமும் சேர்ந்தே கற்றோம். முதல் கட்டளையில் அதற்குத் தாத்தாவின் பெயரை வைத்தேன். திரையில் ஒவ்வொரு வரியும் அந்தப் பெயரோடுதான் தொடங்கும். இன்று அங்கே எதிர் ஆலைக்காரரின் பெயர் இருந்தது.

“சும்மா பழகிப் பார்த்தனுங்ணா. சேமிக்கல. அணைச்சுப் போட்டா தாத்தா வந்துருவாரு,” என்று தம்பி சிரித்தான்.

சேமிக்காத மாற்றம் மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். அது எனக்கும் தெரியும். என் உடன்பிறந்தவன் சொல்கிறான் என்று அணைத்து மறுபடி போட்டேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அதே அந்நியப் பெயர் வந்து நின்றது. உள்ளே போக, இதுவரை கேட்காத கடவுச்சொல்லையும் கேட்டது.

“கடவுச்சொல் என்னன்னு சொல்லு, மருது.”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அது எதிர் ஆலைக்காரவிங்க வெச்சதுங்ணா.”