பள்ளிகொண்டாவில் படுத்திருப்பவர்

"புருஷன் பேரு இன்னா?" ஆம்பூர் தோல் ஷாப்பின் கணக்குப்பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

பட்டம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக இங்கே தோல் கழுவுகிறவரின் பேர் இந்த ஆளுக்குத் தெரியாதா?

"பள்ளிகொண்டாவுல படுத்துகினு இருக்கிறாரே பெருமாள், அவரு பேருதான் அய்யா. எங்க வூட்டுலயும் மூணு நாளா ஜுரத்துல படுத்த படுக்கையா கெடக்கிறாரு. உங்க சீட்டு இருந்தாத்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி குடுப்பாங்களாம்."

"தோல் கழுவுறவனுக்குப் பெருமாள் பேரு கேக்குதா? உன் வாயால சொல்லு, எழுதறேன்."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி சிரித்தான்.

"நான் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும் அய்யா!"

"பேரு வாயில வரலைன்னா சீட்டும் வராது. போ."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலையில் வந்தவள், மேஜையில் ஓங்கி அறைந்தாள்.

"ரங்கநாதன்! எழுதிக்கோடா, ரங்கநாதன்!"

"அப்படி வா வழிக்கு." கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே சீட்டை எழுதி நீட்டினார். "இப்ப மட்டும் ஆயுசு கொறையாதா?"

பட்டம்மாள் சீட்டை வாங்கவில்லை.

"இனிமே கொறையறதுக்கு இன்னாடா மிச்சம் இருக்குது?"