காந்தம் பிடிக்காத இடம்

துருவைச் சுரண்டச் சுரண்ட, அந்தப் பழைய பிக்கப்பின் பின்தளத்தின் நடுவே ஆள் உட்காரும் அகலத்துக்கு இரும்பே இல்லாமல் போயிற்று. ஓட்டை வழியே தரை தெரிந்தது. பட்டறை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "துணிய ஒட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சிரு. இந்த வாரம் வித்தாகணும்" என்றார். அடித்தேன். காய்ந்த பிறகு கட்டைவிரலால் அழுத்தினேன். லேசாக உள்வாங்கி மறுபடி எழும்பியது. அதன் பிறகு அதன்மேல் நான் கால் வைக்கவே இல்லை.

வாங்க வந்த மிக்கேலம்மாள் மடியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். இரும்பில்லாமல் பட்டிப் பசை பூசிய இடத்தில் அது பிடிக்காது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கதவு, பானெட், பக்கத் தகடு எல்லாவற்றிலும் டக்கென்று ஒட்டியது. பின்னால் ஏற அவளை முழங்கால் வலி விடவில்லை.

"உள்ள எப்படி தம்பி?"

முதலாளி என்னையே பார்த்தார்.

"நல்லாருக்குக்கா" என்றேன்.

அவள் முதலாளியிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துக் கை தட்டினாள். மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேர் கூடைகளோடு வந்து ஏறினார்கள். ஓரங்களைப் பிடித்து உட்கார்ந்தார்கள்; நடுவில் இன்னும் யாரும் கால் வைக்கவில்லை. மிக்கேலம்மாள் காந்தத்தைப் பின்னால் எறிந்துவிட்டு முன்னிருக்கையில், கூட வந்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பிக் குலுங்கியது. அவர்கள் நடுவே, நான் பட்டி பூசிய இடத்தில் விழுந்த காந்தம் ஒட்டாமல் இங்கும் அங்கும் வழுக்கியது. கடைசியாக ஏறியவள் அதையே பார்த்தாள். விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது.