முன்னாலிருந்து அடித்த காற்று

வாவிக்கரை வீட்டின் பின்வாசலில் மாலை வெயில் மஞ்சளாய்ச் சாய்ந்து கிடக்கிறது. மேர்லின் டீச்சர் இறால் உரித்துக்கொண்டே புருஷன் அன்ரோவுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறாள். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் நேர்முகப் பரீட்சை என்று அவன் சொன்னதிலிருந்து பொழுதுபட இதுதான் வேலை. உரித்த இறால் சட்டிக்குள், கழித்த கோது பேசினுக்குள். “டேக்கன் அபாக் எண்டா திகைச்சு நிக்கிறது. பாய்க்கப்பல்காரர்ர சொல்லு. பின்னால தள்ளின காத்து திடீரெண்டு முன்னால அடிச்சா, பாய் மரத்தோட ஒட்டிரும். ஓடின கப்பல் அப்படியே நிண்டிரும். எங்க, உங்கட வாழ்க்கையில இருந்து ஒரு வசனம் சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது.” அவளுடைய வகுப்பில் எப்போதும் அதுதான் சட்டம். அன்ரோ வாவியையே பார்க்கிறான். தூரத்தில் யாரோ தோணியைத் தட்டித் தட்டி மீனை வலைக்கு விரட்டுகிறார்கள். சொல் சொல்லாய்த் தேடி, இங்கிலீஷில் சொல்லி முடிக்கிறான்: நாளைக்கு நான் கட்டாருக்குப் போறன் எண்டு கேட்டா, என்ர மனிசி டேக்கன் அபாக் ஆவாள். “வசனம் சரி,” என்கிறாள், பழக்கதோஷத்தில். பிறகுதான் நிமிர்கிறாள். “விசா வந்திட்டு, மேர்லின். ஹோட்டல் எண்டது பொய். இனி வெளிநாடு போகமாட்டன் எண்டு மாதாவுக்கு முன்னால சொன்னனான்தான்…” அவள் விரல்கள் மட்டும் நிற்காமல் உரிக்கின்றன. இறால் பேசினுக்குள் விழுகிறது, கோது சட்டிக்குள். “அப்ப, உங்கள அனுப்புறதுக்கா இவ்வளவு நாளும் நான் படிப்பிச்சன்?”