ஆட்டிடம் சொன்னது

மண்ணில் முழங்காலிட்டு அவள் இடிபாட்டில் தெரிந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள். வாயைத் திறந்தாள்.

ஒரு சொல்லும் வரவில்லை.

"பேச்சுக் கொடுங்கம்மா," என்றார் தீயணைப்புக்காரர். "கண்ணை மூட விட்டுறாதீங்க. நாங்க எடுக்கிற வரைக்கும் அந்தம்மா முழிச்சிருக்கணும்."

மூன்று நாள் மழையில் ஊறிய மண்சுவர் காலையில் சரிந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த வீராயி இப்போது அதற்கு அடியில் கிடந்தாள். வீராயி அவளுக்கு ஓரகத்தி. புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. தலைக்கு மேல் உத்திரக்கட்டை ஒன்று குறுக்கே விழுந்து உயிரைப் பிடித்து வைத்திருந்தது. இயந்திரம் வைத்தால் அதுவும் இறங்கிவிடும். நான்கு பேர் கையால்தான் மண் அள்ளினார்கள்.

"சார், அவுக ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ஆறு வருசமா."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னைக்குப் பேசட்டும்."

அவர் சொல்லிவிடலாம், சொல்வதற்கென்ன.

அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. குழாயடியில் நின்றால் குடம் வழிவதுகூடத் தெரியாமல் பேசுவாள். புறணி, ஊர்வம்பு, யார் வீட்டில் என்ன குழம்பு, எதற்கும் பஞ்சம் கிடையாது. வீராயியிடம் மட்டும் முகம் கொடுத்து ஒரு வார்த்தை இல்லை.

ஒரே முற்றத்தில் எப்படித்தான் காலம் தள்ளுவது? அதற்குத்தான் சாடைப் பேச்சு.

"ஏ கோழி, மழை இருட்டிக்கிட்டு வருது, மொளகா காயுதே," என்று இவள் கோழியிடம் சொல்வாள். அந்தப் பக்கம் மிளகாய் உள்ளே போகும். "ஏ ஆடே, கேஸ்காரன் வந்து தட்டிட்டுப் போயிட்டான்," என்று வீராயி ஆட்டிடம் சொல்வாள். இவள் தெருவுக்கு ஓடுவாள். ஆறு வருடமாக இரண்டு வீட்டுச் சேதியும் ஆட்டுக்கும் கோழிக்கும் தெரிந்த பிறகுதான் மனிதர்களுக்கு.

ஓட்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

அவள் சுற்றும் பார்த்தாள். வீராயியின் வெள்ளாடு அறுந்த கயிற்றோடு பக்கத்தில் நின்று நடுங்கியது.

"ஏ ஆடே," என்றாள். "காலைல யாராச்சும் ஒனக்குக் கஞ்சித்தண்ணி வச்சாகளா?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆட்டுக்கிட்டயாம்மா பேசுறீங்க?" என்றார் தீயணைப்புக்காரர்.

அவளுக்கு முகம் எரிந்தது. கருமம், வாயில் அப்படித்தான் வந்தது.

ஆனால் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வச்சாச்சு... ஆடே."

அவள் ஓட்டைக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தாள். "அப்புறம்? அப்புறம் என்ன சேதி, ஆடே?"

"காலு... இருக்கிறதே தெரியல."

"எங்க போயிரும்? ஊரைச் சுத்துன காலு, செத்த நேரம் கெடக்கட்டும்."

உள்ளே ஒரு மூச்சு சிரிப்பு மாதிரி உடைந்தது.

அவள் பேசினாள். தக்காளி விற்கிற விலை. ரேஷனில் போட்ட புழுத்த பருப்பு. மேலத்தெருவில் கோபித்துக்கொண்டு போய் நாலாம் நாள் தானே திரும்பி வந்த மாப்பிள்ளை. எல்லாம் ஆட்டிடம்தான். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயிருந்து ஒரு 'ம்'. 'ம்' தாமதித்தால் நான்கு பேரின் கைகளும் நின்றன. வந்ததும் மறுபடி அள்ளின.

பிறகு ஒன்றுக்கு 'ம்' வரவில்லை.

"ஏ ஆடே?"

மண் உதிர்ந்தது.

"ஆடே, கேக்குதா?"

ஒன்றுமில்லை.

தீயணைப்புக்காரர் கூடையைக் கீழே வைத்தார். "நேரா கூப்பிடுங்கம்மா. ஆடு போதும்."

அவள் ஓட்டைக்குள் முகத்தைக் கொடுத்தாள். ஈரமண் வாயில் கரித்தது.

"அக்கா."

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். அதற்கும் பதில் இல்லை.

வீராயி மகளுக்குக் காதுகுத்து நடந்த அன்று நின்றுபோன சொல் அது. இவள் கொண்டுபோன சீர்த்தட்டுத் தேங்காயைச் சாமிக்கு உடைத்தபோது உள்ளே அழுகல். "இது அவ வச்ச காய்," என்றாள் வீராயி. "நான் வச்சது நல்ல காய், என்னை அசிங்கப்படுத்த இவதான் மாத்திட்டா," என்று இவள் சபையில் சூடம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தாள். ஊர் சூடத்தை நம்பியது. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் வீராயியைத் தேங்காய்த் தட்டைத் தொட விட்டதில்லை.

அந்த ஊர் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"அக்கா, அந்தத் தேங்கா," என்று கத்தினாள். "நீ மாத்தல. நான்தான் வச்சேன். குலுக்கிப் பாத்தேன், தண்ணிச் சத்தமே இல்ல. தெரிஞ்சேதான்க்கா வச்சேன். எந்திரிச்சு வந்து என்னைச் செருப்பால அடி. அக்கா, கேக்குதா?"

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆடு மட்டும் ஒருதரம் கத்தியது.

வெகுநேரம் கழித்து உள்ளே தொண்டை கனைத்தது.

"அடியே காமாச்சி."

"அக்கா!"

"இதை நீ... ஆட்டுக்கிட்டயாச்சும்... சொல்லிருக்கலாம்ல."

நான்கு கூடைகளும் மறுபடி நகர்ந்தன. "விடாதீங்கம்மா, பேசுங்க, பேசுங்க," என்றார் தீயணைப்புக்காரர்.

காமாட்சி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

மண்ணுக்கு அடியிலிருந்து வீராயிதான் கேட்டாள்.

"அப்புறம்?"