பொன்னூசியின் தொழில் சுத்தம்

ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் பொன்னூசி என்றொரு கொசு இருந்தாள். வலது கை எலும்புக்கு ஆபரேஷன் முடிந்து ஓர் ஆசாமி மத்தியானம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். பொன்னூசி அந்தக் கையில் உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்தாள். கை அசையவே இல்லை.

"பாத்தியாடி என் தொழில் சுத்தத்தை?" என்றாள் தங்கை ரீங்காரியிடம்.

"அட போக்கா! தோள்கிட்ட ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வெச்சிருக்காங்க. சாயங்காலம் மருந்தோட வேகம் இறங்கிடும். அப்பத் தெரியும் சேதி."

சாயங்காலமும் வந்தது. பொன்னூசி மறுபடி கடித்தாள். கை அசையவில்லை. மரப்பு விடியும்வரை தாங்கட்டும் என்று டாக்டர் அந்த மருந்தோடு இன்னொரு மருந்தையும் துளி கலந்திருந்தார். அது அக்காவுக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது.

"இப்ப என்னடி சொல்றே?"

பொன்னூசிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நேரே இடது கைக்குத் தாவி ஒரு கடி கடித்தாள். ஆசாமிக்குச் சுரீரென்றது. ஆனால் அடிக்க வேண்டிய வலது கைதான் தூங்குகிறதே! "ஐயோ" என்று முனகினார், அவ்வளவுதான்.

"நீயெல்லாம் என்கிட்ட ட்யூஷனுக்கு வரணும்டி. அடுத்தது மூக்கு, நல்லாப் பாத்துக்கோ!"

பொன்னூசி பறந்துபோய் மூக்கு நுனியில் அமர்ந்தாள். ஆறு கால்களில் எந்தக் காலை எந்தக் கால்மேல் போடுவது என்று சாவகாசமாக யோசித்தாள்.

மத்தியானத்திலிருந்து சும்மாவே கிடந்த இடது கை அப்போதுதான் மேலே எழுந்தது.