இண்டிகேட்டரைக் கடித்த எலி

"இண்டிகேட்டர் சரியில்லைன்னு வண்டியை விட்டா, சீட்டை எதுக்குக் கழட்டி வெச்சிருக்கீங்க?"

ஆசிரியையின் குரல் உயரவில்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையைக் கட்டியாண்ட அந்தக் குரலுக்கு உயர வேண்டிய தேவை ஏற்பட்டதே இல்லை.

பழைய கார் நான்கு கதவுகளையும் திறந்துகொண்டு பட்டறையின் நடுவே நின்றது. பின் சீட் சுவரில் சாய்ந்திருந்தது. தரைவிரிப்பு சுருட்டப்பட்டு வாசலில் கிடந்தது.

கார் எலக்ட்ரீஷியன் எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இடது இண்டிகேட்டரைப் போட்டா பிரேக் லைட்டும் கூடச் சேர்ந்து மினுக்குதும்மா. அதான் வயரைப் பிடிச்சுக்கிட்டே பின்னால வரைக்கும் போனேன்."

"ஒரு பல்பை மாத்தினா முடியற வேலை. நேத்துக் காலையில விட்ட வண்டி. நாளைக்குப் பத்து மணிக்கு என் பொண்ணை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும். கையில நாலு நாள் குழந்தை."

"ஒன்பது மணிக்குக் குடுத்துடறேம்மா. சீட்டுக்கு அடியில போற வயர் எல்லாம் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. ஏன்னு பார்த்தேன். ஃபியூஸ் பெட்டியில..."

எலக்ட்ரீஷியன் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

ஆசிரியைக்குப் பின்னால் நின்றிருந்த அவருடைய கணவர், சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் திடீரென்று ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்.

"இவரைப் பாருங்க, வேடிக்கை பார்க்கிறார். வீட்டுல இவர்தான் எலக்ட்ரீஷியன்னு நினைப்பு. போன வருஷம் ஃபேனை ரிப்பேர் பண்ணினார். அன்னிலேர்ந்து காத்து எங்களுக்கு வரதில்ல, கூரைக்குத்தான் போகுது. இனிமே வயர்னு ஒண்ணைத் தொட்டீங்கன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்னு சொல்லிட்டேன். அதனாலதான் உங்களை நம்பி வந்தோம்."

பைக்குள் போன கை அங்கேயே நின்றது. எலக்ட்ரீஷியன் ஒரு முறை கணவரைப் பார்த்தார். பிறகு வெறும் கையை வெளியே எடுத்தார்.

"எலிம்மா" என்றார்.

"என்ன எலி?"

"எலி கடிச்சிருக்கு."

"எங்க வீட்டுல ரெண்டு பூனை இருக்கு."

"அதுங்ககிட்டத் தப்பிச்ச எலியா இருக்கும்மா."

"நோட்டை எலி தின்னுடுச்சுன்னு சொன்ன எத்தனையோ பசங்களைப் பார்த்தவ நான். என்கிட்டயேவா?"

எலக்ட்ரீஷியன் அந்தப் பசங்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டார். கணவர் நாட்காட்டியில் அடுத்த மாதத்தையும் படித்து முடித்திருந்தார்.

மறுநாள் சொன்னபடி ஒன்பது மணிக்கு வண்டி தயாராகிவிட்டது. சீட் அதன் இடத்தில் இருந்தது. இண்டிகேட்டர் நிதானமாக, தாளம் தப்பாமல் மினுக்கியது.

ஆசிரியை மகளை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குள் சென்றிருந்தார். வெளியே காரில் காத்திருந்த கணவர், கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டு அறையைத் திறந்தார். உள்ளே ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தார், படித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில், பேத்தியை மடியில் ஏந்தி அமர்ந்திருந்த ஆசிரியைக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

"எலியாம். இல்லாத வேலையை இழுத்து வெச்சுட்டு எலி மேல பழி. நம்ம தெருவுல ஒருத்தரும் இனிமே அந்தப் பட்டறைக்குப் போகக்கூடாது. நானே வீடு வீடாப் போய்ச் சொல்லப் போறேன்."

"விடும்மா. ஒருத்தர் பிழைப்புல மண்ணைப் போடாதே" என்றாள் மகள்.

"ஏமாத்தினா சொல்லாம விடறதா? நீங்க என்னங்க, வாயே திறக்க மாட்டேங்கறீங்க?"

கணவர் இடது இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை ஓரங்கட்டினார். பையிலிருந்த பொட்டலத்தைத் திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் நீட்டினார்.

செம்புக் கம்பி சுற்றிய, கருகிய ஃபியூஸ் ஒன்று. புது ஃபியூஸ்கள் நான்கு. அவற்றைச் சுற்றியிருந்த காகிதத்தில் பென்சில் எழுத்து:

'சார், எலியைப் பிடிச்சாச்சு. ஃபியூஸ் போனா வண்டி ஏதோ சொல்ல வருதுன்னு அர்த்தம். கம்பியைச் சுத்தி அதோட வாயை அடைச்சிடாதீங்க. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா பின் சீட்டு பத்தியிருக்கும். எல்லா வயரும் புதுசாப் போட்டுட்டேன். பயப்படாம பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க.'

"மூணு தடவை ஃபியூஸ் போச்சு" என்றார் கணவர். "நான்தான் கம்பியைச் சுத்தி மாட்டினேன். உன்கிட்டச் சொல்ல பயம்."

ஆசிரியையின் கை பேத்தியை மார்போடு அணைத்தது.

"இந்த சீட்டா?"

"ஆமா."

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று மினுக்கிக்கொண்டிருக்க, ஆசிரியை அந்தக் காகிதத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடு."

"அதுக்கு ஆயுசு முழுக்க நேரம் இருக்கு. முதல்ல வண்டியைத் திருப்புங்க."

பட்டறை வாசலில் மீண்டும் அதே கார் வந்து நின்றதைக் கண்டதும், எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். அடுத்த திட்டுக்குத் தயாராகிவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது.

குழந்தையோடு இறங்கி வந்தார் ஆசிரியை.

"என்னம்மா, மறுபடியும் மினுக்குதா?"

"இல்ல. நேத்து நான் பேசினதெல்லாம் தப்பு."

எலக்ட்ரீஷியன் வண்டியை ஒரு கணம் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் தலைகுனிந்திருந்தவரையும் பார்த்தார். பார்த்த பின்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நான் சொன்னதுதான். எலி கடிச்சதுதான்."

"நம்பறேன்" என்ற ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பக்கம் கை காட்டினார். "உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லி, அந்த எலியையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்."